கிழக்கு முகப்பு, இருபத்திரண்டு ஜன்னல்கள்

ஆறு நாற்பதுக்கு வெயில் செங்கல்லைத் தொடும்.
ஏழேகாலுக்குக் கண்ணாடி கூசத் தொடங்கிவிடும்.
இடையில் இருப்பதுதான் என் வேலைநேரம்.

ஜார்ஜியாவின் தெற்கே, பீக்கன் தோப்புகள் நடுவே
இந்த ரயில் நிலையம் உணவகமாகப் போகிறது.
அதற்குமுன் ஆவணம் வேண்டுமாம் நகராட்சிக்கு:
ஒவ்வொரு ஜன்னலும் நேருக்கு நேர்,
கோடு சாயாமல்,
ஒன்றுக்குப் பதினோரு டாலர்.
நான் ஒஹையோக்காரி. கோடு சாயாமல் எடுப்பேன்.

இரண்டாம் தண்டவாளம் புல்லாகிவிட்டது.
அங்கே முக்காலி. அப்பால் கோர்டெல்,
கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டையிட்ட
அளவுகோலைச் சுவரோடு நிறுத்தி
அடிவிளிம்பின் உயரம் சொல்வான்:
இரண்டடி நான்கு.
இரண்டடி நான்கு.
காப்பி குடித்துவிட்டு மறுபடி
இரண்டடி நான்கு.

மேலே விசிறியாய் விரிந்த வளைவு,
கீழே பன்னிரண்டு சதுரம்.
பழைய கண்ணாடிக்கு லேசான தளும்பல் உண்டு;
தலையை அசைத்தால்
உள்ளே தெரியும் எதிர்ச்சுவர் ஜன்னல் நெளியும்,
அதற்கப்பால் வீதி நெளியும்,
நிறுத்திவைத்த லாரிக்கு இடுப்பு வளையும்.
ஐந்தாவதில் நானும் இருக்கிறேன், தொப்பியோடு.
அழித்துக்கொள்ளலாம்.

பதினெட்டில் எதுவும் நெளியவில்லை.
வெறும் கறுப்பு.
அழுக்கு என்று நினைத்தேன். துடைத்தேன்.
வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினேன்,
பிறகு இன்னொரு படி.
கூட்டிப் பயனில்லை என்றான் கோர்டெல்.
சாவி அவனிடம் இருந்தது.

பக்கவாட்டில், நிலக்கரிக் கொட்டகையை ஒட்டி
ஒரு கதவு. கதவுக்கு மேல்
நான்கு திருகாணித் துளைகள், பலகை இல்லை.
என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை.
கேட்கத் தேவையுமில்லை.

உள்ளே சுவர்.
வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு
வரிசை குலையக் கூடாதென்று
கண்ணாடியைப் பதித்து,
பின்னால் செங்கல் அடுக்கி,
அந்தச் செங்கல்லுக்குக் கருமை பூசி,
உச்சியில் விசிறியை மட்டும் விட்டிருக்கிறார்கள்.
ஐந்து ஜன்னல்கள். ஐந்து விசிறிகள்.
எவ்வளவு கவனமான வேலை!
ஒரு செங்கல்கூடப் பிசகவில்லை.

சரக்கு வண்டி ஒன்று போனது.
பெட்டிகளை எண்ணுவது என் பழக்கம்.
நிமிர்ந்தேன்: ஆகாயம், புகை, மறுபடி ஆகாயம்.
தடதடப்பை எண்ணிப் பார்த்தேன்,
முப்பதுக்கு மேல் பிடிபடவில்லை.

விசிறியின் அடிவிளிம்பு மட்டும்
மற்ற இடத்தைப் போல் சொரசொரப்பாக இல்லை.
பெஞ்சில் ஏறித் தொட்டேன்.
சோப்புக் கட்டி போல் வழவழவென்று இருந்தது;
எட்டிப் பிடித்து, வண்டி வருகிறதா என்று
தொங்கிப் பார்த்த விரல்கள் தேய்த்த இடம்.
கையை எடுத்துக்கொண்டேன்.

கோர்டெல் கோலை நிறுத்தினான்.
காலையிலிருந்து சொன்ன அதே குரலில்
ஏழடி இரண்டு என்றான்.
எழுதிக்கொண்டேன்.
ஏழடி இரண்டு என்றான், அடுத்ததற்கு நகர்ந்து.

புது வரைபடத்தில் இது ஒயின் வைக்கும் அறை.
வெயில் படாத இடம், நல்லதாம்.

நகராட்சிப் படிவத்தில் வெளித்தோற்றம் என்று
ஒரு கட்டம்தான் இருந்தது.
ஐந்துக்கு மட்டும் உள்ளிருந்து எடுத்ததையும்
பின்னால் ஊசி குத்தி இணைத்தேன்.
பட்டியலில் இருபத்தேழு படம் என்று போட்டேன்.
இருபத்திரண்டுக்குப் பணம் வந்தது.

ஏன் என்று எழுதிக் கேட்கலாம்.
இன்னும் எழுதவில்லை.