பதினோராம் மாடிக் கூரை

லேத் வருவதற்கு ஒரு வாரம் முன்பே
அதன் அளவுக்கு நாளிதழை வெட்டித்
துணி துவைக்கும் இடத்துத் தரையில் ஒட்டினேன்.
மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம்.
குணாளன் அதை மிதிக்காமல்
பக்கவாட்டில் நடந்து பழகினார்.
காகிதத்தின் முன் நின்று
வராத எந்திரத்தில்
இல்லாத மரத்தைக் கடைந்து பார்த்தேன்.
முழங்கை கதவில் இடித்தது.
கதவைக் கழற்றினேன்.

கழற்றிய கதவையே மேசையாக்கலாம் என்றார்.
தட்டிப் பார்த்தேன்.
இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே
தேன்கூடு மாதிரி அட்டை, வேறொன்றுமில்லை.
இருபத்திரண்டு வருஷம்
இதைத்தான் தாழிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

வாங்கிய மேசை ஆட்டம் காணக்கூடாதென்று
அடித்தட்டில் மூன்று மூட்டை மணல்.
காவலாளி கேட்டதற்குச் செடிக்கு என்றேன்.
(செடி என்று இருப்பது ஒரு பாண்டான் தொட்டி.)
மேசைக்கால்களுக்கு அடியில்
ஆயர் ஈத்தாம் பட்டறையில் கேட்டு வாங்கிய
லாரி டயர்த் துண்டுகள்.

லேத் ஜெலுத்தோங்கிலிருந்து வந்தது.
விற்ற ஹெங்கும் கூடவே வந்தார்.
லிஃப்ட் பத்தோடு நின்றுவிடும், நாங்கள் பன்னிரண்டு.
முப்பத்தெட்டு கிலோ.
ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும்
கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்:
இதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?
முதல் திருப்பத்தில் கிண்ணம் என்றேன்.
அடுத்ததில் விளக்குக்கால்.
கடைசியில், தெரியாது என்றேன்.
தலையாட்டினார்,
அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி.

முதல் மரம்
போன மாசக் காற்றில் கார் நிறுத்துமிடத்தில் விழுந்த
அங்சானாக் கிளை.
கீரை கடையத் தெரிந்த கைக்கு
இந்தக் கடைதல் பிடிபடவில்லை.
அங்கே சட்டி நிற்கும், மத்து சுழலும்.
இங்கே மரம் சுழல்கிறது,
உளி நிற்க வேண்டும், நான் நிற்க வேண்டும்.
கிண்ணம் என்று தொடங்கியது
அடி ஓட்டையாகிப் புனலானது.
மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறம்.

சத்தம்தான் பயம்.
சனிக்கிழமை, குணாளனிடம்
பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டச் சொல்லிவிட்டுப்
பதினோராம் மாடிக்கு இறங்கினேன்.
காக் நோர்லிசா தேநீர் ஊற்றினார்.
இரண்டு பேரும் கூரையைப் பார்த்தபடி
மழைக்குக் காத்திருப்பவர்கள் போல் உட்கார்ந்தோம்.
முதலில் அவர் செருப்பு.
பிறகு இருமல்.
சமையலறைக் குழாய்.
என் வீடு இவ்வளவு பக்கத்தில் இருப்பது
எனக்குத் தெரியாது.
அப்புறம் ஒரு வண்டு,
யார் வீட்டுச் சர்க்கரை டப்பாவிலோ மாட்டிக்கொண்டது போல.
தேநீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

இவ்வளவுதானா, இது பரவாயில்லை என்றார் காக்.
ராத்திரி ஒரு மணிக்கு
நாற்காலியை இழுக்கிறீர்களே தினமும்,
அதை மட்டும் கொஞ்சம்...

தேநீர் சுட்டுவிட்டது என்று சொல்லி
சற்று நேரம் வாய் திறக்கவில்லை.
பத்து மணிக்கு மாத்திரை போட்டால்
எனக்கு விடிவது ஐந்தரைக்கு.
பாயான் லெப்பாஸில்
ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பெயர் வந்து
நாலு மாசம்.
நன்றாகத் தூங்குகிறார் என்றுதான்
அக்காவிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

மேலே வந்தேன்.
கேட்டதா, என்றார்.
கேட்டது, தொந்தரவில்லை.

மிச்சமிருந்த அங்சானாவில்
நாலு குப்பி கடைந்தேன்,
நாற்காலிக் கால் நுழையும் அளவில்.
அடியில் பழைய ஜீன்ஸ் துணி.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
உட்கார்ந்து பார்த்தார்.
ஒன்று உயரம் கம்மி,
காகிதம் மடித்துச் செருகிக்கொண்டார்.

இப்போது ஒரு மணிக்குக்
கீழே எதுவும் கேட்காது.
எனக்கும்தான்.
எழுந்து போய்ப் பார்த்தால்தான் உண்டு.
மாத்திரையைப் பாதியாக உடைத்திருக்கிறேன்.

நேற்றுப் போனேன்.
விளக்குப் போடாமல்
லேத்தின் முன் நாற்காலியில் இருந்தார்.
ஓடாத எந்திரத்தில் மாட்டியிருந்த கட்டையைக்
கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு.
என்னைப் பார்த்து
நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தினார்.
அங்கே இரண்டு பேருக்கு இடமில்லை.
அதை நான்
நாளிதழில் வெட்டிப் பார்க்கவில்லை.