நாலடிக் கடையில் பதினொரு நாவல்கள்

கப்பலில் சமைக்கிற நைனார் காக்கா
இந்தத் தடவை பேரீச்சம்பழம் கொண்டுவரவில்லை.
டர்பனில் இரண்டு, மொம்பாசாவில் மூன்று,
மீதியை எங்கே வாங்கினார் என்று அவருக்கே நினைவில்லை.
பதினொரு நாவல். எல்லாம் புதுசு.
எழுதியவர்கள் எல்லோரும் கறுப்பர்கள் என்றார்,
பின்னட்டைப் படங்களைத் தட்டிக்காட்டி.
“வாடகைக்கு விடு சபுரா, வாரம் பத்து ரூபாய்.
ஏலக்காய் வாசம் அடித்தால் அது என் கேபின்.”

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை நாலடி அகலம்.
ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்,
இவற்றின் நகல்தான் சோறு.
லேமினேஷன் சுருளை நகர்த்தி ஒரு தட்டு அடித்தேன்.
கோணலாக விழுந்த நகல்களின் பின்பக்கத்தில்
எழுதி ஒட்டினேன்:

பச்சை அட்டை, கொலைக்கதை.
தேவாலயப் பாடகர் தலைவியைக் கொன்றது யார் என்று
ஒரு சலவைக்காரி கண்டுபிடிக்கிறாள்,
உடுப்பில் ஏறிய கஞ்சியின் வாசத்தை வைத்து.
நாற்பதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
தப்பு. அவன் இல்லை.

கனமானது, விண்வெளி.
நூறு வருஷப் பயணம். கப்பல் முழுக்கச் சண்டை,
வெண்டைச் செடிக்கு இன்று தண்ணீர் ஊற்றுவது
யார் முறை என்று.
வெண்டைக்காய் அவர்கள் ஊர்க்காய் என்பது
எனக்கு அதுவரை தெரியாது.
அன்று புளியாணத்தில் கிடந்ததைக்
கொஞ்சம் மரியாதையோடு சாப்பிட்டேன்.

பேய்க்கதை ஒன்று. பேய் வாடகைப் பாக்கி கேட்கிறது.

காதல் கதை. லாகோஸில் எதிரெதிரே இரண்டு டயர் கடை.
இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

காதல் கதை மூன்றாம் நாளே திரும்பியது.
மகளிர் கல்லூரி ருமானா சொன்னாள்:
“ராத்தா, இதுல யாரையும் சங்கிலியில கட்டலை.
யாரும் யாருக்கும் பாடம் எடுக்கலை.
டயர் விக்கிறாங்க, கோவிச்சுக்கிறாங்க, பொய் சொல்றாங்க.”
பிடிக்கலையா என்றேன்.
“அதான் பிடிச்சிச்சு.”

ஐஸ் கம்பெனி கணக்கர் முனியசாமிக்கு
விண்வெளி மூன்று வாரம் பிடித்தது.
முப்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்:
“கடைசி வரைக்கும் கப்பல் கரை சேரலையே?”
இரண்டாம் பாகம் உண்டாம் என்றேன்.
“கடல்ல போனவங்க கதையை
இப்படி நிறுத்தக் கூடாதும்மா” என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு நாவலில் ஒரு மரம்.
பெயர் புரியாமல் போனில் படம் தேடினால்
யானைக்கால் அடி, வீங்கிய வயிறு, தலைகீழ் வேர் போலக் கிளை.
அட, நம்ம பப்பரப்புளி!
என் பள்ளிக்கூட வேனிலிருந்து
தினமும் பார்த்த மரம்.
எந்தக் கப்பலில் எவர் மடியில் வந்த கொட்டையோ.
மரத்துக்குப் பெயர் வைத்தவர்கள்
கொண்டுவந்தவரின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை.
நான் அந்தப் பக்கத்திலேயே
வெகுநேரம் நின்றுவிட்டேன்.
“எக்கா, பான் கார்டு ரெண்டு காப்பி”
என்று யாரோ மேசையைத் தட்டும் வரை.

நேற்று சகாயரீட்டாவும் அவள் அம்மாவும் வந்தார்கள்.
வரன் பார்க்கிற தாள், மூலையில் மகளின் படம்.
“முகம் கறுப்பா விழுந்திருக்கே,
கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடு சபுரா.”

என் இயந்திரத்தில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு.
பதினாலு வருஷமாக யோசிக்காமல் அழுத்துகிறேன்.
மூன்று புள்ளி குறைத்தால்
மூக்கு கரையும், கண் மட்டும் மிதக்கும்,
ஊருக்குத் திருப்தி.

அழுத்தினேன். பழக்கம்தானே.

ரீட்டா தட்டுப் பக்கம் நின்று
பின்னட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்,
பல் தெரியச் சிரிக்கிற ஒருத்தி,
கன்னத்தில் கைவைத்த ஒருத்தர்,
யாரையும் யாரும் மூன்று புள்ளி குறைக்கவில்லை.
திரும்பாமலே சொன்னாள்:
“எனக்கு ஒண்ணு உள்ளபடி எடுங்க.”

இரண்டுக்கும் காசு வாங்கினேன்.
வெளுத்ததை அம்மா மடித்துப் பையில் வைத்தாள்.
மற்றது பச்சை அட்டைக்குள் போனது, பக்கக் குறியாக.
இப்போது எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறதோ.
அவனில்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.
சொல்லவில்லை.