பழைய வாஷர்

பள்ளத்தூரில் ஆறு கிடையாது.
ஓடுகிற தண்ணீர் என்றால்
குழாய் வாயிலிருந்து வாளிவரை
ஒரு முழம்.
அதுவும் மூன்று நாளைக்கு ஒருமுறை.

சிகப்பி வீட்டுப் பின்கட்டில்
பித்தளைக் குழாய் ஒழுகியது.
"ராத்தூக்கம் போச்சு சேவுகா,
வந்து என்னன்னு பாரு."
போனேன்.
எனக்கு முன்பே குழாயடியில்
ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
சாம்பல் உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை.

பக்கத்திலேயே எவர்சில்வர் கிண்ணம்,
விளிம்புவரை தண்ணீர்,
அதில் ஒரு எறும்பு.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துளி திரண்டது.
தொங்கியது.
பூனையின் தலையும் அதோடு இறங்கியது.
விழுந்ததும் மறுபடி மேலே.

ஒருமுறை முன்னங்காலை நீட்டிப் பிடித்தது.
காலைத் திருப்பிப் பார்த்தது:
ஈரம் இருக்கிறது, துளியைக் காணோம்.
வட்டியை வாங்கிக்கொண்டு
முதலைத் தொலைத்தவர் முகம்.

என் வேலை பத்து நிமிஷம்.
போர்த்தண்ணி உப்பு மரையில் பூத்திருந்தது,
சுரண்டினேன்.
வாஷர் நடுவில் குழிந்திருந்தது,
கழற்றிப் பைக்குள் போட்டேன்.
புதுசு மாட்டி, இறுக்கி,
நூற்றெண்பது ரூபாய்.
பூனை ஸ்பேனரைப் பார்த்தது.
பிறகு என்னை.

நாலாம் நாள் போன்.
"தூக்கம் வருதாம்மா?"
"வருது. அதுதான் தண்ணியே குடிக்க மாட்டேங்குது.
பழையபடி ஒழுக விட்டுடு."

காரைக்குடி டாக்டர் சிறுநீரகம் என்றாராம்.
கிள்ளானிலிருந்து அவர் அண்ணன்,
நின்ற தண்ணியை அதன் வம்சமே நம்பாது என்றாராம்.
எதிர்வீட்டு மும்தாஜுக்குச் சந்தேகமே இல்லை:
குழாய்க்குள் மீன்.
சிகப்பி பேங்கில் காசாளர்.
"எண்ணுதுப்பா. நான் நோட்டு எண்ணும்போது
என் மூஞ்சி அப்படித்தான் இருக்குமாம்."

எனக்குத் தோன்றியதை நான் சொல்லவில்லை.
துளி போய்க்கொண்டே இருக்கிறது.
குழாய் வாயில் பார்த்தால்
அங்கேயேதான் இருக்கிறது.
இரண்டும் எப்படி நடக்கும்?
இருபத்தாறு வருஷம் குழாயோடு இருக்கிறேன்,
இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.
ஒழுகினால் அடைப்பேன்.
தெரிந்தது அவ்வளவுதான்.

ஒழுக வைக்க என்னை
இதுவரை யாரும் கூப்பிட்டதும் இல்லை.
கால் மரை தளர்த்தினால் நூலாய் ஊற்றுகிறது.
மயிரிழை திருப்பினால் நின்றுவிடுகிறது.
புது ரப்பர்,
நடுவில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.
ஒருதரம் எப்படியோ சொட்டியது.
பூனை வந்தது, முகர்ந்தது,
வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது.
வேகம் சரியில்லையோ,
சத்தம் சரியில்லையோ.

பையைத் தரையில் கொட்டினேன்.
தேய்ந்த வாஷர்கள் பதினேழோ பதினெட்டோ.
கோட்டையூர் வீடு, புதுவயல் ரைஸ்மில்,
பஸ் ஸ்டாண்டு கழிப்பறை,
எல்லாவற்றுக்கும் ஒரே குழி, ஒரே கருப்பு.
இந்த வீட்டுடையது எது?
கையில் வந்ததை மாட்டினேன்.

திரண்டது.
தொங்கியது.

கதவிடுக்கில் முதலில் வெள்ளைக் காது.

சரியான வாஷர்தானா என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
அதுவும் சொல்லவில்லை.
நாக்கை மட்டும் நீட்டியது, கோணலாக,
பாதி உள்ளே, பாதி மூக்கில்.
தும்மியது. மறுபடி நீட்டியது.

"எவ்வளவுப்பா தரணும்?"
எதற்கென்று வாங்குவது?
கெட்டதைக் கழற்றிக் கெட்டதையே மாட்டியதற்கா?
"இருக்கட்டும்மா."

போன் அடித்தது. கண்டனூரில்
மேல்தொட்டி நிரம்பி மாடி வழிகிறதாம்.
"இந்தா, வண்டியை எடுத்துட்டேன்" என்றேன்
குந்தியபடியே,
பூனைக்குப் பக்கத்தில்,
இது ஒன்று விழுந்துவிடட்டும் என்று.