ஒன்று எழுபது

விருந்தினர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
உப்புவெளியில் இரவு ஒரு மணி.
கடைசி வெள்ளைக்காரரும் மணல் காலோடு வந்து
சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
வரவேற்பு மேசையில் நானும் கல்குலேட்டரும்.

கையில் ஒரு லட்சத்து எழுபதாயிரம்.
சீட்டுக்காசு, இரண்டு சீசன் டிப்ஸ்,
விற்ற தோடு ஒரு சோடி.

ப்ராசெசர் முப்பத்தெட்டு. ஆறு கோர்.
விளையாட மட்டும் என்றால் நாலு போதும்.
விளையாடுவதை அதே நொடியில்
ஊருக்கும் காட்டவேண்டும் என்றால்
சமைத்துக்கொண்டே பரிமாறுகிற கை வேண்டும்.
போர்ட் இருபத்தேழு.
ராம், எட்டு எட்டாய் இரண்டு துண்டு, பதினைந்து.
எஸ்எஸ்டி பதினொன்று.
பவர் சப்ளை பதினேழு.
அதில் மட்டும் கை இறுக்கக் கூடாது,
எங்கள் ஒழுங்கையில்
கரண்ட் போவது பயமில்லை,
திரும்பி வருவதுதான்.
கிராபிக்ஸ் கார்ட், பாவித்தது, நாற்பத்தைந்து.
மொனிட்டர் பதினெட்டு. மைக் ஒன்பது.
கேசிங் எட்டு. கமரா பதினொன்று.

ஒன்று தொண்ணூற்றொன்பது.
தூக்கத்தில் தட்டியிருப்பேன் என்று
திரும்பக் கூட்டினேன்.
கல்குலேட்டருக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த நாள் கடையில்
அதே பட்டியலை அச்சடித்துத் தந்தார்கள்.
பஸ் நிலையத்தடியில் சில்லறை தேடுகையில்
பையிலிருந்து அதை இழுத்தது ஒரு புள்ளிமான்.
பஸ்ஸுக்கே வழி விடாத மான்கள் இவை.
நான் பிடுங்குவதற்குள்
அடிவரி இரண்டும் அதன் வாயில்.
கமரா. கேசிங்.
பத்தொன்பதாயிரத்தை
மிக நிதானமாக மென்றது.

சரி.
ஸ்டோர் ரூமில் செத்துப்போன ஹோட்டல் கணினி கிடக்கிறது.
அதன் கூட்டை உப்புக்காற்று அரித்திருக்கிறது,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்
ஒரு டின் பெயின்ட்டுக்கு அடங்கும்.
சிசிடிவிக்குப் புதிய திரை வந்துவிட்டதால்
பழையதை எட்டாயிரத்துக்கு விடுகிறார் மனேஜர்,
அதில் இன்னமும் கார் பார்க்கின் நிழல்
மெல்லியதாய்ப் பதிந்திருக்கிறது.
என் எதிரிகள் இனி
ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிவார்கள்.

கார்டை இஃப்லால் கொண்டு வருவான்.
கிண்ணியாவிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி.
போகும்போது பாரையும் சூரையும்,
வரும்போது வெறும் பெட்டிகள்,
முன் சீட்டில் துவாய் சுற்றி என் கார்ட்.
மணக்காதா என்றேன்.
மணத்தால் ஃபிரேம் குறையாது என்றான்.

பிறகுதான் அதைச் சொன்னான்.
மைக் எதற்கு ஒன்பதாயிரம்?
போன் ஹெட்செட் போதும்,
அந்தக் காசுக்கு எஸ்எஸ்டியைப் பெரிதாக்கு.

இரண்டு வருடமாய்ப் போனில் விளையாடுகிறேன்.
திருக்கை என்பது என் பெயர்.
கடைசி வட்டத்தில் மண்ணோடு மண்ணாய்க் கிடந்து
கடந்து போகிறவனை வாலால் அடிப்பேன்.
குழுவில் எல்லோருக்கும் நான் மச்சான்.
'மச்சான் மைக்கை ஆன் பண்ணு' என்பார்கள்,
'மைக் பழுது' என்று தட்டுவேன்.
பழுதில்லை என்று தெரிந்தவன்
இஃப்லால் ஒருவன்தான்.

பகலெல்லாம் இந்தக் குரல்
காலை உணவு எத்தனை மணிக்கு,
கடலில் எதுவரை இறங்கலாம்,
அறையை எப்போது காலி செய்யவேண்டும் என்று
சம்பளத்துக்குச் சொல்கிறது.
முகத்தை மான் தின்றுவிட்டது, போகட்டும்.
குரலில் ஒரு ரூபாய் குறைக்கமாட்டேன்.

இரவு இரண்டு மணி.
ஸ்டேப்ளரை நிமிர்த்தி வைத்து
அதற்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச்
சொல்லிப் பார்த்தேன்:
வணக்கம். திருக்கை பேசுகிறேன்.
கேட்டிலிருந்து கிருபைராசா அண்ணர்
'ஏதும் வேணுமா பிள்ளை?' என்றார்.
'ஒன்றுமில்லை அண்ணை,
சத்தம் அங்கே கேட்குதா என்று பார்த்தேன்.'
'கேட்குது, கேட்குது.'

கூட்டினேன். சரியாக ஒன்று எழுபது.
கோடு கிழித்து, கீழே இன்னொரு கோடும் கிழித்தேன்.
அப்போது கரண்ட் போனது.
இருட்டில், ஜெனரேட்டர் இருமித் தொடங்கும் வரை,
யூபிஎஸ் எழுத மறந்தது
நினைவில் நின்றது.