பெயரின் நடுவில் ஒரு ஈ

கார்க் கடன் கேட்டுப் போயிருந்தேன்.
வங்கிப் பெண் திரையைப் பார்த்தாள்,
பிறகு என் வாயைப் பார்த்தாள்.
"பல் கட்டிய பாக்கி நிற்கிறதே,
ஃபார்கோவில். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு டாலர்."

ஃபார்கோ வழியாக ஒரே ஒருமுறை போயிருக்கிறேன்,
பேருந்தில், தூங்கிக்கொண்டு.

அறிக்கையை அச்செடுத்து நீட்டினாள்.
மார்லிஸ், என் பெயர்தான்.
கங்காஸ், என் பெயர்தான்.
நடுவில் ஜே இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு ஈ
வந்து உட்கார்ந்திருந்தது.
விரட்ட ஒரு விரல்கூட அசைக்கவில்லை யாரும்.

துலூத்தில் இழுவை வண்டிக்கு
ஆள் அனுப்புகிற வேலை எனக்கு.
ஜனவரி ராத்திரிகளில்
பள்ளத்தில் சரிந்த கார்களிலிருந்து அழைப்பார்கள்.
எந்தச் சாலை, எந்தப் பக்கம்,
கடைசியாகப் பார்த்த பலகையில் என்ன எழுதியிருந்தது
என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு
பனிக்குள் ஒரு மனிதரைக் கண்டுபிடிப்பேன்.
என்னைக் கண்டுபிடிக்க
ஒரே ஒரு எழுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கடிதம் எழுதினேன்.
உரிமத்தின் நகல், எரிவாயு பில்,
கூடவே ஒரு படம்:
கொட்டகையில், வண்டியின் முன்விளக்கில்,
ஈ என்று இளித்தபடி நான்.
ஆர்விட்தான் எடுத்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.
மேல்வரிசையில் இடப்பக்கம் மூன்று பல் கிடையாது.
பிடுங்கக் காசிருந்தது,
கட்ட இல்லை.
"ஐயா, அந்தக் கடன் என்னுடையது என்றால்
பல் எங்கே?"
என்று அடியில் எழுதி
பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது.
சரிபார்க்கப்பட்டது. பதிவு சரியே.

எப்படிச் சரிபார்த்தீர்கள்?
நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்க வைத்தபின்
ட்ரெவின் என்றொரு பையன் சொன்னான்:
வசூல் நிறுவனத்தைக் கேட்டோம்,
ஆமாம் என்றார்கள்.

வேலிக்கு ஓணான் சாட்சி.
இந்தக் குளிரில் ஓணான் ஒருநாள் தாங்காது.
ஆனாலும் எங்கிருந்தோ வந்து
வேலிமேல் ஏறித்
தலையை ஆட்டிவிட்டுப் போகிறது.

விடவில்லை.
கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டு என்று
வசூல்காரருக்கு ஒன்று,
மருத்துவமனைக்கு ஒன்று,
ட்ரெவினின் மேலாளருக்கு ஒன்று.
தபால் நிலையத்தில் மூன்று பச்சை அட்டைகள்.
அந்த வாரம் ரொட்டியும் அவித்த முட்டையும்.

மார்ச்சில் வந்தது அந்தத் தாளின் நகல்.
பிறந்த தேதியைக் கறுப்படித்திருந்தார்கள்.
கையெழுத்தை விட்டிருந்தார்கள்.
உருண்டை உருண்டையாய் எழுதுகிறாள்,
ஐ எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதில்
ஒரு சின்ன வட்டம்.
ஒவ்வாத மருந்து: பென்சிலின்.
வேலை: விடுதிச் சமையலறை.
அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்ற இடத்தில்
யாருமில்லை
என்று அழுத்தி எழுதியிருந்தாள்.
அழுத்தின அழுத்தம்
நகலிலும் தெரிந்தது.

அதை அப்படியே திருப்பி அனுப்பினேன்,
என் கையெழுத்தைப் பக்கத்தில் போட்டு.
வேறென்ன செய்ய?
நான் இல்லை என்று சொல்ல
அவள்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரலில் ஒரு வரி: நீக்கப்பட்டது.
மன்னிக்கவும் என்று ஒரு சொல்
மை செலவாகும் என்று விட்டுவிட்டார்கள் போல.
என் மதிப்பெண் அறுபத்தொன்று ஏறியது.
கார் வந்தது. சூடேற்றி வேலை செய்கிறது,
ஓட்டுநர் பக்கம் மட்டும்.

அந்த ஈ
என் தட்டிலிருந்து எழுந்து
எங்கே போயிருக்கும் என்று தெரியாதா எனக்கு.
விடுதிச் சமையலறையில்
கையைத் துடைத்துக்கொண்டு
உறையைப் பிரிப்பாள்.
புதுப் பல்லால் உதட்டைக் கடிப்பாள்.

இப்போதெல்லாம் ராத்திரி அழைப்புகளில்
பெயரோடு நடு எழுத்தையும் கேட்கிறேன்.
எதுக்கு அது, என்றான் ஆர்விட்.
படிவத்தில் கட்டம் இருக்கிறதே,
என்றேன்.