கதவடி

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
யன்னலைத் திறக்க வழியில்லை.
வினிகர் ஊற்றினேன், சோடா மாவு தூவினேன்,
என்சைம் போத்தல் இரண்டு தீர்ந்தது.
வீட்டுக்காரி லாவெண்டர் மெழுகுவர்த்தி ஒன்று தந்தாள்.
ஹீட்டர் சூடேறினால் போதும்,
பலகை இடுக்கிலிருந்து எழுந்து
மூக்கைத் தேடி வந்துவிடும்.

கடைப்பொடியன் சொன்னான்: இருட்டிலே பாருங்கள்.
விளக்கை அணைத்து
புறஊதா டோர்ச்சைப் பிடித்தேன்.

குசினிக்குள் ஒன்றுமில்லை.
படுக்கையறையில் ஒரு சொட்டு.
வாசற்கதவின் அடியில் மட்டும்
மஞ்சள்பச்சையாய், ஒன்றன்மேல் ஒன்றாய்
ஒரு குளம்.

முந்தி இருந்த டோர்க்சனை
ஆம்புலன்ஸ் ஏற்றிப்போய்
ஆறு நாள் கழித்துத்தான்
யாருக்கோ பூனை ஞாபகம் வந்ததாம்.

நாளைக்கு அந்தப் பலகைகளைப் பெயர்க்கவேண்டும்.
அடித்தளத்துக்கும் சீலர் பூசவேண்டும்.

இன்றைக்கு
கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தேன்.
குளிர்
உள்ளே வந்து உட்கார்ந்தது.