துணைக்கால்

மருந்துக்கடையில் வேலை.
சீட்டுகளில் எஞ்சிய லத்தீனைப் பார்த்துக்
குளிசை எண்ணிப் போடுகிறவன் நான்.
'படுக்கும் நேரம்', 'உணவுக்குப் பின்' என்று
சுருக்கெழுத்தில் மட்டும் மூச்சு விடும் மொழியை
முழுசாய் ஒருதரம் பார்க்கலாமே என்று
செவ்வாய் இரவுகளில் ஜெனிசி வீதி நூலகம் போனேன்.
வகுப்பில் நாலு பேர்.
வெளியே இடுப்பளவு பனி.

முதற்பாடமே ஊரின் பெயர்.
நாங்கள் யூட்டிகா என்கிறோம்.
ரோமர் நாவில் அது ஊட்டிக.
அவர்களுக்கும் சொந்தமில்லை,
கடலோடி வந்த பினீசியர் வைத்தது.
'பழையது' என்று பொருளாம்.
பழையூர்.
பக்கத்தில் பிறகு எழும்பிய கார்த்தேஜ், புத்தூர்.
புத்தூர் எரிந்தபோது
பழையூர் எரித்தவர் பக்கம் நின்றது.
பிறகு ஆறு மண் கொண்டுவந்து கொட்டி
அதன் கடலையே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

இந்த மோஹாக் கரைக்கு
தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்த பெயர் என்கிறார்கள்.
"பிறந்த அன்றே பழசா?"
என்றான் பொஸ்னியாக்காரன் நெர்மின்.

பிறகு இலக்கணம்.
ஊர்ப் பெயருக்கு முன்னிடைச்சொல் வேண்டாம்.
வீட்டுக்கும் வேண்டாம்.
சிறு தீவுகளுக்கும் வேண்டாம்.
பெரிய தீவென்றால் மட்டும்
'உள்ளே' என்று தனியாகச் சொல்லியாக வேண்டும்.
அனலைதீவில் பிறந்தவனுக்கு
இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஊட்டிகம் என்றால் ஊருக்கு.
ஊட்டிகை என்றால் ஊரில்.
என் காதோ அதை இரண்டாம் வேற்றுமை என்று
கடைசிவரை அடம்பிடித்தது.
'ஊருடைய' என்பதற்கும் அதே ஊட்டிகைதான்:
ஆறும் ஏழும் ஒரே சட்டைக்குள்.
இருக்கிறவன் உரியவன்.
குடிவரவு விண்ணப்பத்தில் அவை வேறு வேறு பக்கம்,
இடையில் பதினொரு வருஷம்.

கடைசியாக, 'ஊரிலிருந்து'.
எழுத்து மாறாது.
முடிவில் உள்ள அகரம் நீளும், அவ்வளவுதான்.
ரோமர் எழுத்தில் அது கண்ணுக்கும் தெரியாது.
நெர்மின் பென்சிலை வைத்துவிட்டான்.
"ஊருக்கும் ஊரை விட்டுப் போறதுக்கும் ஒரே சொல்லா?"

கொப்பியைத் திருப்பி
என் எழுத்தில் எழுதிக் காட்டினேன்.
ஊட்டிக.
ஊட்டிகா.
விட்டுப் போகிற சொல்லுக்கு
ஒரு கோடு கூட.
அதற்கு என்ன பெயர் என்று கேட்டான்.
கால், என்றேன். துணைக்கால்.

ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தார்கள்.
தரிப்பிடத்தில் அவன் காரின் கதவு உறைந்திருந்தது.
இருவரும் மாறி மாறி உதைத்தோம்.
எங்கே போகிறாய், என்றேன்.
வீடு, என்றான்,
முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல்.